பழைய கூட்டுக்குப் புதுக்கோழி: வாசகர் கேள்விகள்

மாரி முடிந்து தை பிறந்தால் எங்கள் பக்கத்தில் கோழி வாங்குகிற காலம். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன, அதனால் மாட்டுக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பக்கம் முழுவதையும் கோழிக்கே கொடுத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வளவில் ஐந்து ஊர்க்கோழிப் பேடுகளும் ஒரு சேவலும் நிற்கின்றன. நேற்று, வாகனத்தில் கொண்டுவந்து விற்றவரிடம் நாலு மாதப் பேட்டுக்குஞ்சுகள் மூன்று வாங்கி, பின்னேரமே கூட்டுக்குள் விட்டோம். விடியப் பார்த்தால் ஒன்றின் தலையில் இரத்தம், மற்ற இரண்டும் மூலையில் ஒடுங்கி நிற்கின்றன. பழையதுகள் தீனுக்குக் கிட்டவே விடவில்லை. இவை எப்போதாவது சேருமா, இல்லை விற்றுவிடவா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: சேரும், விற்க வேண்டாம். ஆனால் இதை வாசித்த கையோடு மூன்றையும் வெளியே எடுத்து வேறாக அடையுங்கள். நான் கொத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. கொத்து பார்க்கத்தான் பயங்கரம், பெரும்பாலும் இரண்டு கிழமையில் அடங்கிவிடும். வளவில் நிற்கிற கோழி முழுவதையும் ஒரே மூச்சில் கொண்டுபோவது புதுக்கோழியோடு சாக்குக்குள் வருகிற நோய். ராணிக்கெட் தொற்றிய கோழி இரண்டு நாளிலும் காட்டும், இரண்டு கிழமை கழித்தும் காட்டும், அதுவரை நல்ல கோழி போலத் தீன் தின்றுகொண்டு நிற்கும். சளி நோய் இன்னும் மோசம்: வந்து மாறிய கோழி கூட வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரியலாம், இடம் மாறி, பயந்து, உடம்பு தளர்ந்த நேரத்தில் திரும்ப வெளியே வரும். வாகனத்தில் வருகிற கோழி எத்தனை இடத்துக் கோழிகளோடு ஒரே கூண்டில் நின்றது என்று விற்றவருக்கே தெரியாது.

உங்கள் கோழிகள் ஏற்கெனவே ஓர் இரவு ஒன்றாக நின்றுவிட்டன, அதை இனி மாற்ற முடியாது, என்றாலும் பிரிப்பதில் பலன் உண்டு. தினமும் ஒன்றாகக் குடித்து ஒன்றாக அடைவதை விட ஒரு நாள் தொடர்பு ஆபத்துக் குறைந்தது. மூன்று கிழமையாவது, முடிந்தால் ஒரு மாதம் வேறாக வையுங்கள். இரண்டாவது கூடு இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மூன்று கோழிக்குக் கூடு கட்டத் தேவையில்லை, நாலு தடி, கொஞ்சம் கம்பி வலை, மேலே இரண்டு கிடுகு போதும், இரவில் மரநாய் கிளப்பாதபடி வலையின் அடியைக் கல் வைத்துப் புதைத்துவிட்டால் சரி. பழைய கூட்டிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது, காற்றையும் பார்த்து வையுங்கள். வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கிற இந்த மாதங்களில் புதியவை தென்மேற்குப் பக்கம் நிற்கட்டும். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகம் தொடங்கியபின் கோழி வாங்குகிறவர்கள் இதையே மாற்றி வடகிழக்கு மூலையில் வைக்க வேண்டும். தீன், தண்ணீர் முதலில் பழையதுக்கு, பிறகுதான் புதியதுக்கு. புதியதுக்குப் போகும்போது வேறு செருப்பு, திரும்பி வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவல். தண்ணீர்ச் சட்டியை மாற்றி மாற்றிப் பாவிக்கவே கூடாது.

இந்த நாட்களில் சும்மா காவல் இருக்காமல் கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாலுக்குக் கீழே, கழிக்கிற இடத்தைச் சுற்றி இறகை விலக்கினால் பேன் இருந்தால் ஓடும், இறகின் அடியில் வெள்ளையாக அப்பிக்கொண்டு முட்டையும் தெரியும். காலில் செதில் நிமிர்ந்து சொரசொரவென்று இருந்தால் அது செள்ளு, தேங்காயெண்ணெயை நன்றாகத் தடவி நாலைந்து நாளுக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும் (மண்ணெண்ணெய் பூசுகிற பழக்கத்தை விடுங்கள், தோல் வெந்துபோகும்). கண்ணோரம் நுரை, மூக்கில் நீர், பச்சையாகக் கழிச்சல், கழுத்து திருகல் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில், வீடு அடங்கியபின் கூட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பகலில் கேட்காத கரகரப்பும் தும்மலும் அப்போது தெளிவாகக் கேட்கும். தடுப்பூசி போட்டார்களா என்று விற்றவரைக் கேட்டால் போட்டது என்றுதான் சொல்வார், அதனால் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, பழையது புதியது எல்லாவற்றுக்கும் என்ன போட வேண்டுமோ அதை இந்த இடைவெளியில் போட்டுவிடுங்கள்.

மாதம் முடிந்து ஒன்றும் இல்லை என்றால் அப்புறம்தான் சேர்க்கிற வேலை. அதற்கும் உடனே கதவைத் திறந்துவிட வேண்டாம். தற்காலிகக் கூட்டைத் தூக்கிப் பழைய கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள், நடுவில் கம்பி வலை மட்டும் இருக்கட்டும், இரண்டு பக்கத் தீன் பாத்திரங்களையும் வலையோரமாக வையுங்கள். முதல் நாள் பழையதுகள் வலையில் பாய்ந்து கொத்தும், கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு அங்கும் இங்கும் நடக்கும். ஒரு கிழமை, பத்து நாளில் வலைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்றே பார்க்காமல் தீன் தின்னத் தொடங்கும். அதுதான் அடையாளம். அவை பார்த்துச் சலிக்க வேண்டும், அதற்கு முன் அவசரப்பட்டால் முழுப் பாடும் வீண்.

பிறகு ஒரு பின்னேரம், அடைகிற நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பு எல்லாவற்றையும் வளவில் திறந்துவிடுங்கள். கூட்டுக்குள் அல்ல, வெளியில். இடம் அகலமாக இருந்தால் ஓடித் தப்பலாம், மேயவும் ஏதாவது கிடைக்கும். அகத்திக் கொத்து ஒன்றை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் பாதிக் கவனம் அதில் போய்விடும். தீனும் தண்ணீரும் மூன்று நாலு இடத்தில், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வேலி மறைவில், கிணற்றடியில் என்று பிரித்து வையுங்கள். பழைய கிடுகு, ஓட்டைக் கடகம் எதையாவது மதிலில் சாய்த்து வைத்தால் ஒளிக்க இடமாகும், ஆனால் இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும், ஒரு பக்கம் அடைத்த மூலைக்குள் ஓடிய கோழிதான் கடிபடும்.

கொத்து இருக்கும் என்று முதலே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கோழி நேருக்கு நேர் நின்று தலையை ஒரே மட்டத்தில் வைத்துப் பார்க்கும், கழுத்து மயிர் குடை போல விரியும், ஒன்று எம்பி மற்றதன் கொண்டையில் ஒரு கொத்து வைக்கும், கொத்து வாங்கியது தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் விலகும். அவ்வளவுதான், அந்த இரண்டுக்கும் கணக்கு முடிந்தது. இப்படி ஒவ்வொரு சோடிக்கும் யார் மேல், யார் கீழ் என்று தீர்ந்துவிட்டால் பிறகு ஒரு பார்வையே போதும், கொத்தவே தேவையில்லை. நோர்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சின்ன வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்து 1921இல் இந்தக் கொத்து வரிசையைத் தன் ஆய்வில் எழுதிவைத்தார். புதுக்கோழி வந்தால் அந்த வரிசை கலைந்து திரும்ப அடுக்கப்பட வேண்டும். நீங்கள் ஒவ்வொரு கொத்துக்கும் தடியோடு ஓடினால் வரிசை தீராது, அடுத்த நாளும் முதலிலிருந்து தொடங்கும். கீழே விழுந்த கோழி மேல் ஏறி நின்று கொத்துகிறது, இரத்தம் வருகிறது, இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றைத் துரத்துகின்றன என்றால் மட்டும் இடையில் போங்கள்.

இரத்தம் என்று வந்ததால் அந்தத் தலைக் காயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது. காயத்தை உப்புத் தண்ணீரால் கழுவி, மருந்துக்கடையில் விற்கிற ஊதா நிற ஜென்ஷியன் வயலற்றைப் பூசுங்கள், அது மருந்துக்கு மருந்து, சிவப்பையும் மறைக்கும். மஞ்சளும் நல்லதுதான், ஆனால் இரத்தத்தின் நிறத்தை மறைக்காது. காயம் காயும்வரை அந்தக் குஞ்சு வலைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், தனியாக அல்ல, தன்னோடு வந்த ஒன்றோடு.

இன்னும் ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. இரவில் புதியவை தடியில் ஏறியபின் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே விரலால் தடவிப் பாருங்கள். அங்கேதான் தீன்பை இருக்கிறது. உருண்டு கெட்டியாக இருந்தால் பகலில் எவ்வளவு கொத்து வாங்கினாலும் தின்றிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. தட்டையாக, வெறும் தோலாக இருந்தால் அதைக் கிட்டவே விடவில்லை என்று அர்த்தம், அடுத்த நாள் பாத்திரம் கூட்ட வேண்டும். தடியும் நீளமாக இருக்கட்டும், ஒரு கோழிக்கு முக்கால் அடி முதல் ஓரடி வரை இடம் வேண்டும்.

உங்கள் சேவலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவர் நல்ல சேவல் என்றால் பாதி வேலையை அவரே பார்ப்பார். பேடுகள் சண்டை பிடித்தால் நடுவில் போய் நிற்பார்.

கேள்வி: சேர்த்து ஒரு மாதமாகிறது. ஒரே ஒரு கறுப்புப் பேடு மட்டும் விடாமல் புதுக்கோழிகளைத் துரத்துகிறது. பாவம் என்று புதியவற்றைப் பிரித்துப் பிரித்து வைக்கிறேன். (வாசகர், மானிப்பாய்)

பதில்: நீங்கள் பிரிக்க வேண்டியது கறுப்பியைத்தான். அதை நாலைந்து நாள் மற்றவை கண்ணில் படாத இடத்தில் அடைத்துவையுங்கள். அது இல்லாத நேரத்தில் மற்றவை தங்களுக்குள் ஒரு வரிசையைப் போட்டுக்கொள்ளும். திரும்பி வரும்போது அதுதான் புது ஆள், மிடுக்கெல்லாம் இறங்கியிருக்கும். நீங்கள் செய்ததில் ஒவ்வொரு முறையும் புதியவைதான் திரும்பத் திரும்பப் புதிய ஆட்களாகப் போயிருக்கின்றன. இடம் போதாவிட்டாலும் இப்படித் துரத்தும், கூட்டுக்குள் ஒரு கோழிக்கு மூன்று நாலு சதுர அடியாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

கேள்வி: எல்லாக் கோழிக்கும் வேப்பெண்ணெய் பூசி இரவில் ஒன்றாக விட்டால் மணத்தை வைத்துப் பிரித்தறிய முடியாமல் சேர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா? (வாசகர், வட்டுக்கோட்டை)

பதில்: கோழி கோழியை அறிவது பெரும்பாலும் கண்ணால், அதுவும் தலையையும் கொண்டையையும் பார்த்து. கூட்டத்தில் பழைய கோழிக்கே கொண்டை காயப்பட்டு உருமாறினால் மற்றவை அந்நியனைப் போலக் கொத்துவதைக் கண்டிருப்பீர்கள். வேப்பெண்ணெயால் பேன் குறையலாம், சண்டை குறையாது. ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. இரவில் தடியில் ஏற்றி விடுவது நல்ல பழக்கம், இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சண்டை பிடிக்காது. விடிந்ததும் தெரியுமே! அதனால் அடுத்த நாள் வெளிக்கிற முன்பே போய்க் கூட்டைத் திறந்துவிட வேண்டும். ஏழு மணி வரை படுத்துக் கிடக்கிறவர்களுக்கு இந்த முறை சரிவராது.

கேள்வி: மரநாய் பிடித்து ஒரே ஒரு பேடுதான் மிச்சம். துணைக்கு ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். (வாசகி, பருத்தித்துறை)

பதில்: முதலில் மரநாய் வந்த ஓட்டையை அடையுங்கள், அது ருசி கண்டுவிட்டது, திரும்ப வரும். பிறகு ஒன்று வாங்காமல் இரண்டையாவது வாங்குங்கள், ஏற்கெனவே ஒன்றாக வளர்ந்த இரண்டு. தனியாக வருகிற கோழிதான் எல்லாக் கொத்தையும் ஒற்றையாக வாங்கும். உங்கள் பேட்டின் அளவுக்குக் கிட்ட இருக்கட்டும், குஞ்சுகளாக வாங்கினால் அவை வளரும்வரை சேர்க்க முடியாது. தனிமையில் நிற்கிறதே என்று ஒரு மாதக் காவலை மட்டும் குறைத்துவிடாதீர்கள், கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்தாலே அதற்கு ஆறுதல்தான், கூப்பிட்டுக் கதைக்கும். புதியவை கூட்டைப் பழகும்வரை மூன்று நாலு நாள் உள்ளேயே அடைத்துவையுங்கள், இல்லாவிட்டால் மாமரத்தில் ஏறிப் படுக்கும், மரநாய்க்கு அதைவிட வசதி வேண்டாம்.

கேள்வி: பண்ணையில் கழித்த முட்டைக்கோழிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஊர்க்கோழியோடு விடலாமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: விடலாம், இன்னும் ஒரு வருடமாவது முட்டை தரும், முன்பு போல நாளுக்கொன்று இல்லை. ஆனால் அவற்றின் நிலையைப் புரிந்துகொண்டு வாங்குங்கள். பலவற்றுக்குச் சொண்டு வெட்டியிருக்கும், கொத்து வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாது, புல் நுனியைப் பிடுங்கவும் கஷ்டப்படும். கூண்டில் வளர்ந்ததென்றால் மண்ணையே கண்டிருக்காது, தடியில் ஏறத் தெரியாது, முதல் சில இரவுகள் நீங்கள்தான் தூக்கி வைக்க வேண்டும். தீனை ஆழமான சட்டியில் போடுங்கள், நிலத்தில் எறிந்தால் ஊர்க்கோழி எல்லாவற்றையும் பொறுக்கி முடித்துவிடும். வெயிலுக்கும் பழக்கமில்லை. சித்திரை, வைகாசியில் வாங்குவதைத் தவிர்த்தால் நல்லது. மாரியிலும் வேண்டாம், நாள் முழுக்க எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே ஒடுங்கி நின்று கொத்துப்படும், ஈரத் தரையில் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும், நுளம்பால் அம்மையும் பரவும்.

கேள்வி: பழைய கோழிகள் முட்டைத் தீன் தின்கின்றன. புதியவை இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை. இரண்டு தீன் வாங்க வேண்டுமா? (வாசகி, கொடிகாமம்)

பதில்: வேண்டாம், எப்படியும் ஒன்றின் தீனை மற்றது தின்னும். முட்டைத் தீனில் கல்சியம் நூற்றுக்கு மூன்றரை, நாலு வீதம், வளரும் கோழிக்கு ஒரு வீதமளவே தேவை. மேலதிகமானது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் புதியவை முதல் முட்டை இடும்வரை எல்லாவற்றுக்கும் வளர் தீனைப் போட்டு, சிப்பி ஓட்டை நொறுக்கி ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். முட்டையிடுகிறவை தங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், மற்றவை பெரிதாகத் தொடாது. கடற்கரையில் பொறுக்கியதென்றால் உப்புப் போகக் கழுவிக் காயவிட்டு நொறுக்குங்கள்.

கேள்வி: அடைக்கோழி ஒன்று பதினெட்டு நாளாகப் படுத்திருக்கிறது, முட்டை எல்லாம் கூழாகிவிட்டது போல. கடையில் குஞ்சு வாங்கி அதற்குக் கீழே விட்டால் ஏற்குமா? (வாசகி, ஊர்காவற்றுறை)

பதில்: முதலில் இருட்டில் ரோர்ச் அடித்து ஒவ்வொரு முட்டையாகப் பாருங்கள், உள்ளே கறுப்பாக நிறைந்து ஒரு பக்கம் காற்றறை தெளிவாகத் தெரிந்தால் குஞ்சு இருக்கிறது, இருபத்தொரு நாள் முடியும்வரை பொறுங்கள். எல்லாமே கூழ் என்றால் ஏற்க நல்ல வாய்ப்பு உண்டு, இவ்வளவு நாள் படுத்த கோழி குஞ்சுக்குத் தயார். குஞ்சு ஒரு நாள், இரண்டு நாள் வயதாக இருக்க வேண்டும், ஒரு கிழமைக் குஞ்சுக்குத் தாயைத் தெரியாது, தாய்க்கும் அதைப் பிடிக்காது. நன்றாக இருட்டியபின், வெளிச்சம் அடிக்காமல், ஒரு கூழ் முட்டையை எடுத்து அந்த இடத்தில் ஒரு குஞ்சு என்று மெதுவாகச் செட்டைக்குக் கீழே தள்ளுங்கள். குஞ்சு கீச்சிட, கோழி அடித்தொண்டையில் தாழ்ந்த குரலில் கொக்கரித்தால் காரியம் சரி. விடியற்காலை பக்கத்தில் நில்லுங்கள். தலையில் கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும், அதற்காகப் பெட்டியும் மின்குமிழும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும், முதல் கிழமை 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். ஏற்றுக்கொண்ட தாயையும் குஞ்சையும் சில நாள் கரப்பால் மூடி வையுங்கள். மற்றக் கோழிகள் பார்த்துப் பழகட்டும், பிறகு அந்தத் தாயே எல்லாருக்கும் பாடம் படிப்பிக்கும்.

கேள்வி: இரண்டாவது சேவல் விடலாமா? (வாசகர், நல்லூர்)

பதில்: எத்தனை பேடு? எட்டுப் பத்துக்கு ஒரு சேவல் போதும். அதைவிடக் குறைவு என்றால் விட வேண்டாம், பேடுகளின் முதுகில் இறகு மிஞ்சாது, சேவல்கள் முள்ளால் ஒன்றையொன்று குத்திக் கிழிக்கும். அதோடு நல்லூரில் பக்கத்து வீட்டுக்காரர்களையும் யோசியுங்கள்.

கேள்வி: புதுக்கோழி விட்டதிலிருந்து பழையதுகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. தண்ணீரில் வைற்றமின் கலக்கவா? (வாசகி, இணுவில்)

பதில்: கலந்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதற்காக நிறுத்தவில்லை. வரிசை கலைந்த பதற்றம். இரண்டு மூன்று கிழமையில் திரும்ப இடும். அதற்குள் வேலியோரம், விறகுக்குப் பின்னால், வாழையடியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கூட்டுக்குள் பெட்டி போதாவிட்டால் களவாக வெளியில் இட்டுவிடும், நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி வேண்டும். மூன்று கிழமைக்குப் பிறகும் முட்டை இல்லை, கோழி தூங்கி விழுகிறது, தீன் தின்னவில்லை என்றால் இந்தப் பக்கத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.